ஓடுகிறவர்களின் முட்டி வலி: தண்டையார்பேட்டையில் தினமும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

வட சென்னையில், தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். விடிகாலையில் திருவொற்றியூர் பக்கம் நானும் ஓடுகிறேன். அதனால் கிளினிக்கில் ஒரு தடவை, ரோட்டில் ஒரு தடவை என்று ஒரே சந்தேகம் நாளுக்கு இரண்டு முறையாவது காதில் விழும். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடும் தம்பிகள், மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள், சர்க்கரை வந்தபிறகு ஓட ஆரம்பித்த அண்ணன்கள், எல்லோரும் கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கீழே விழுந்தோ வண்டி மோதியோ அடிபட்ட முட்டிக்கு இது பொருந்தாது. ஓடி ஓடியே வந்த வலிக்கு மட்டும்.

1. அக்கா, நான் எங்கயும் விழல, அடியும் படல. அப்புறம் ஏன் முட்டி வலிக்குது?

ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஆயிரம் அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் முட்டிச்சில்லு தொடை எலும்பின்மேல், நம் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரத்தோடு அழுந்துகிறது. அதைத் தாங்கும்படிதான் முட்டி அமைந்திருக்கிறது. ஓடி முடித்ததும் ஓய்வில் தன்னைச் சரிசெய்துகொண்டு, முன்பைவிடக் கொஞ்சம் பலமும் ஏற்றிக்கொள்ளும். அந்த வேலை முடிவதற்குள் அடுத்த பாரம் வந்து விழுந்தால், விழுந்துகொண்டே இருந்தால், வலி கிளம்புகிறது.

முட்டியைத் தொடுவதற்கு முன் நான் கேட்பது கடந்த ஆறு வாரக் கணக்கை. பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். மழைக்கு ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, மழை விட்டதும் விட்டதைப் பிடிக்க தினமும் 8 கிலோமீட்டர். தேர்வு அறிவிப்பு வந்த மறுநாளே காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. முட்டிக்கு அறிவிப்பு தெரியாது. அது பழைய அளவுக்குத்தான் தயாராக இருக்கும்.

2. எந்த இடத்துல வலிச்சா என்னன்னு அர்த்தம்?

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். சிலரால் முடியாது. உள்ளங்கையால் முட்டிச்சில்லைச் சுற்றித் தடவி, "உள்ள எங்கயோ" என்பார்கள். அந்தத் தடவலே பாதி விடை. முட்டிச்சில்லுக்குப் பின்னாலும் சுற்றியும் வரும் இந்த வலிக்கு மருத்துவத்தில் பட்டெல்லோஃபெமரல் வலி என்று பெயர். ஓடுகிறவர்கள் பேச்சில் 'ரன்னர்ஸ் நீ'. நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

விரல் முட்டியின் வெளிப்பக்கத்து எலும்பு மேட்டில் போய் நின்றால் ஐ.டி. பேண்ட். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முட்டிக்குக் கீழே ஒட்டும் தடித்த பட்டை அது. முட்டி சுமார் 30 டிகிரி மடங்கும்போது அதன் அடியிலுள்ள திசு நசுங்குகிறது. முட்டிச்சில்லின் கீழ் முனையில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன இடத்தில் சுருக்கென்று வலித்தால் அது பட்டெல்லார் தசைநாண், முட்டிச்சில்லைக் கீழ்க்கால் எலும்போடு கட்டும் நார். தாண்டுகிறவர்களுக்கும் வேகமாக ஓடுகிறவர்களுக்கும் வருவது.

உட்பக்கம் என்றால் நான் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பேன். மூட்டு இடுக்குக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே இருந்தால், பின்தொடைத் தசைநாண்கள் ஒட்டும் இடத்து உறுத்தலாக இருக்கலாம். இடுக்கிலேயே இருந்தால், மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸ் சவ்வைச் சோதிக்க வேண்டும். எலும்பின்மேல் அழுத்தினால் உயிர் போகிறது, ராத்திரி படுத்தாலும் விண்விண் என்கிறது என்றால், எலும்பில் நுண் விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். எந்த இடத்தைத் தொட்டாலும் வலிக்கவில்லை, ஆனால் நடந்தால் முட்டி வலிக்கிறது என்பவருக்கு நான் இடுப்பையும் சோதிப்பேன். இடுப்பு மூட்டுக் கோளாறு சில சமயம் முட்டியில் வலியாகக் காட்டும்.

3. படி ஏறும்போது பரவால்ல, இறங்கும்போதுதான் உயிர் போகுது. ஏன்?

ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பி, படி இறங்குவதைச் செல்போனில் எடுத்து வந்து காட்டினான். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, நண்டு போலப் பக்கவாட்டில், நல்ல காலை முதலில் வைக்காமல் வலிக்கிற காலை முதலில் கீழே இறக்கி வந்தான். யாரும் சொல்லித் தரவில்லை. அவன் உடம்பே கண்டுபிடித்த வழி. படி இறங்கும்போது மேலே நிற்கிற கால்தான் முழு எடையையும் மடங்கிக்கொண்டே பிரேக் போட்டு இறக்குகிறது. அப்போது முன்தொடைத் தசை இழுக்கும் இழுப்பில் முட்டிச்சில்லு பலமாக அழுந்தும்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும்போது, இந்தியன் டாய்லெட்டில், ஷேர் ஆட்டோவில் முட்டி மடங்கியபடி அரை மணி நேரம் இருந்துவிட்டு இறங்கும்போது வலிப்பதும் இதே கணக்குதான். இவை எல்லாம் உங்களுக்கு இருந்தால், 2-ஆம் பதிலில் முதலில் சொன்ன ரன்னர்ஸ் நீ என்று பெரும்பாலும் நம்பலாம்.

4. ஓடுறத நிறுத்திடணுமா? எத்தன நாள் ரெஸ்ட் எடுக்கணும்?

பலருக்கு முழு நிறுத்தம் தேவையில்லை. ஒரு மாதம் கட்டிலில் கிடந்தால் வலி போகும். கூடவே தொடையின் பலமும் போகும். திரும்ப ஓடும் முதல் வாரத்திலேயே அதே இடத்தில் வலி வந்து நிற்கும். "ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்தும் சரியாகலக்கா" என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

நான் சொல்லும் அளவு இது. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஓடும்போது மூன்று வரை இருக்கலாம். ஓடி முடித்த பிறகு ஏறக்கூடாது. மறுநாள் காலை முதல் தடவை படி இறங்கும்போது நேற்றைய காலையைவிட மோசமாக இருக்கக்கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்தத் தூரம் உங்கள் முட்டிக்கு ஆகும். ஒன்று தவறினாலும் அடுத்த ஓட்டத்தில் தூரத்தைப் பாதியாக்குங்கள். பாதியும் ஆகவில்லை என்றால் சில நாள் வேக நடைக்கு மாறுங்கள், சைக்கிள் சீட்டை உயர்த்தி மிதியுங்கள். நொண்டி நொண்டி ஓடுவது மட்டும் வேண்டாம். நொண்டல் வந்த இடத்தில் நின்று நடந்தே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

முதலில் வெட்ட வேண்டியது எது என்றும் கேட்பார்கள். மேம்பாலத்தில் இறங்கி ஓடுவது, வேக ஓட்டம், தாண்டல். அப்புறம்தான் தூரம்.

5. ஐஸ் வெக்கணுமா, சுடுதண்ணி ஒத்தடமா?

எது இதமாக இருக்கிறதோ அது. ஐஸ் என்றால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம். தோலில் நேராக வைக்காதீர்கள். தைலமும் தேய்க்கலாம், கெடுதல் இல்லை. இவை வலியைத்தான் கொஞ்ச நேரம் அடக்கும். முட்டி தாங்கும் அளவை இவற்றால் கூட்ட முடியாது.

6. மெடிக்கல்ல வலி மாத்திர வாங்கிப் போட்டுட்டு ஓடினா என்ன தப்பு?

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 4-ஆம் பதிலில் சொன்ன அளவுகோல் முழுக்க வலியை வைத்துத்தான். மாத்திரை போட்டால் அந்த அளவுகோல் கையைவிட்டுப் போய்விடும். இன்னொன்று, டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் ஓடுகிற உடம்பில் அது கிட்னிக்கு ஆபத்து. வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண் வேறு.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு முட்டி, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சேர்ந்து வலித்தால் அது ஓட்டத்தால் வந்த வலி கிடையாது. சிக்குன்குனியாவாகவோ டெங்குவாகவோ இருக்கலாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இந்த வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். உடனே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

7. என்ன எக்சர்சைஸ் பண்ணணும்? ஜிம்முக்கெல்லாம் போக வசதி இல்லக்கா.

ஜிம் வேண்டாம். ஒரு வாசல்படி, ஒரு சுவர், ஒரு பாய் போதும்.

வாசல்படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலின் குதிகால் தரையை லேசாகத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறக்கி, திரும்ப எழுந்து நில்லுங்கள். கண்ணாடி முன்னாலோ வீட்டில் யாராவது பார்க்கும்போதோ செய்யுங்கள். நிற்கிற காலின் முட்டி உள்பக்கமாகச் சரிகிறதா? இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா? பெரும்பாலானவர்களுக்குச் சரியும். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராகவே இருக்கும்படி செய்வதுதான் இதில் முழு வேலையும். பத்துப் பத்தாக மூன்று தடவை. முட்டி உள்ளே சரிவதற்குப் பல சமயம் இடுப்பின் பக்கத் தசை பலவீனம் ஒரு காரணம். அதற்கு ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டியபடியே கொஞ்சம் பின்னால் தள்ளி உயர்த்தி இறக்குங்கள். பதினைந்தாவது தடவையில் புட்டத்தின் பக்கவாட்டில் எரிய வேண்டும். தொடையின் முன்பக்கம் எரிந்தால் கால் முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முட்டியை மடக்கி நீட்டினாலே வலிக்கிறவர்களுக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் 30 முதல் 45 விநாடி நிற்பதில் ஆரம்பிக்கிறேன். தசை வேலை செய்யும், மூட்டு அசையாது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, படி ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்துவது, இவையும் சேரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் பழைய ஸ்கூல் பையில் 5 கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். இந்த அரிசி கட்டத்துக்கு வராமலே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பலம் கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் ஆகல" என்று சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

8. எனக்கு வெளிப்பக்கம்தான் வலி. கரெக்டா மூணாவது கிலோமீட்டர்ல வருது, நின்னா போயிடுது.

ஐ.டி. பேண்ட் இப்படித்தான் கடிகாரம் வைத்த மாதிரி வரும். எந்த ரோட்டில், எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து எல்லோரும் ஓரத்தை ஒட்டித்தான் ஓடுகிறோம். மழைத்தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும். தினமும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், ஒரு கால் எப்போதும் மேட்டில். மெயின் ரோட்டை விட்டு, சமமான உள் தெருக்களிலோ கிரவுண்டிலோ ஓடுங்கள். கிரவுண்டில் சுற்றினால் சுற்றும் திசையை நாள் விட்டு நாள் மாற்றுங்கள்.

சென்னை சமதரை, அதனால் மேடு ஏறிப் பழக பெரம்பூர் மேம்பாலத்துக்கும் எர்ணாவூர் மேம்பாலத்துக்கும் போகிறவர்கள் உண்டு. ஏறுங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள். கூடவே அடியைச் சின்னதாக்குங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறவர் அதே வேகத்தில் 170 வைத்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டி வாங்கும் பாரம் குறையும். இது ரன்னர்ஸ் நீ உள்ளவர்களுக்கும் உதவும். ஃபோம் ரோலரில், அதாவது தொடைக்கு அடியில் வைத்து உருட்டும் ஸ்பாஞ்ச் உருளையில், அந்தப் பட்டையை உருட்டி 'நீட்ட' முடியாது, அவ்வளவு தடிமன். உருட்டுவது இதமாக இருந்தால் உருட்டுங்கள். மருந்து 7-ஆம் பதிலில் உள்ள இடுப்புப் பயிற்சிதான்.

9. அப்போ கடற்கரை மணல்ல ஓடினா மெத்துனு இருக்குமே?

அதிர்வு குறையும், உண்மை. ஆனால் தளர்ந்த மணலில் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இரட்டை வேலை செய்யும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டி, ஆனால் சரிவு. 8-ஆம் பதிலில் சொன்ன ரோட்டு ஓரச் சிக்கலேதான். நம் பக்கம் கடல் அரிப்புக்குக் கல் கொட்டிய இடங்கள் போக மிச்சமிருக்கும் மணல் துண்டுகளில் வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம் போதும்.

10. ஷூவ மாத்துனா சரியாயிடுமா? வெறுங்கால்ல ஓடினா நல்லதுன்றாங்களே?

ஓட்ட ஷூ சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், நடுப்பகுதி ஸ்பாஞ்சில் மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள். விலை கூடியது முட்டிக்கு நல்லது என்று எந்த விதியும் கிடையாது. போட்டதும் காலுக்குச் சுகமாக இருப்பதை வாங்குங்கள். வெறுங்காலில் முட்டியின் பாரம் குறைந்து கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் போகும். திடீரென்று மாறினால் முட்டி வலி போய்க் குதிகால் வலி வரும். கண்ணாடித் துண்டும் மீன் முள்ளும் கிடக்கும் தெருக்களில் நான் யாருக்கும் சொல்வதில்லை.

11. போலீஸ் செலக்‌ஷனுக்கு மூணு வாரம்தான் இருக்கு. இப்ப போய் வலிக்குது, என்ன பண்றது?

ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 28 விநாடி. ஏற்கெனவே ஓடி மூச்சு பழகிய பையனுக்கு அந்தப் பழக்கம் மூன்று வாரத்தில் மறைந்துவிடாது. அதனால் தினமும் முழு 1,500-ஐ நேரம் பார்த்து ஓடிச் சோதிப்பதை நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், 300 மீட்டர் துண்டுகளாக, 84 விநாடிக்கு ஒன்று, நடுவில் நடை. பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடி; அவர்களும் இதே மாதிரி துண்டு போட்டுக்கொள்ளலாம். மற்ற நாள் சைக்கிள், நீச்சல், கயிறு ஏறும் பயிற்சி. கயிற்றுக்கு முட்டி வேண்டாம், அந்த மதிப்பெண்ணை இந்த நாட்களில் தேற்றலாம்.

வலி முட்டிச்சில்லின் கீழ் முனையில் இருந்தால் நீளம் தாண்டுதலை வாரத்துக்கு ஒரு நாள், நான்கைந்து தாண்டலோடு முடியுங்கள். சுவர் சாய்ந்த நிலையை 45 விநாடி வீதம் ஐந்து தடவை தினமும் செய்யுங்கள். பலருக்கு அந்தத் தசைநாண் வலி உடனே கொஞ்சம் அடங்கும். எலும்பு விரிசல் சந்தேகம் இருந்தால் மட்டும் தேர்வைவிடக் கால் முக்கியம் என்று சொல்லிவிடுவேன். அதைச் சொல்லும்போது அந்தப் பையன்களின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம். விரிசலோடு ஓடி எலும்பு முழுதாக உடைந்தால் அடுத்த அறிவிப்பும் போய்விடும்.

12. என் பையனுக்கு பதிமூணு வயசு, ஃபுட்பால் ஆடுறான். முட்டிக்குக் கீழ எலும்பு தூக்கின மாதிரி இருக்கு மேடம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு அம்மாக்கள் அடிக்கடி கேட்பது. வளரும் வயதில் முட்டிச்சில்லுத் தசைநாண் ஒட்டும் எலும்புப் பகுதி இன்னும் குருத்தாக இருக்கும். ஓடி, உதைத்து, தாண்டும்போது அங்கே இழுபட்டு வீங்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். வளர்ச்சி முடிந்ததும் வலி பெரும்பாலும் தானே போகும், மேடு மட்டும் தங்கலாம். ஆட்டத்தை அடியோடு நிறுத்தாமல் 4-ஆம் பதில் அளவோடு ஆட விடுங்கள். ஒரே காலில், ராத்திரியில் எழுப்பும் வலி என்றாலோ காய்ச்சலோடு வீங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

13. ஓடினா முட்டி தேஞ்சுடும்னு வீட்ல திட்றாங்க. உண்மையா?

2017-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆரோக்கியத்துக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்றே ஓடுகிறவர்களிடம் 13.3. ஓடுகிறவர்கள் பொதுவாக எடை குறைந்தவர்கள் என்பதும் இதில் சேரும். ஓடியதால் மட்டுமே காப்பாற்றப்பட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளவாக ஓடினால் முட்டி தேயும் என்பதற்கு இடமில்லை. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அழுந்தி விடுபடுவதில்தான் அதற்குச் சத்து போய்ச் சேர்கிறது.

14. ஸ்கேன்ல "லேசான கிழிசல்"னு வந்திருக்கு. ஆபரேஷனா?

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் எல்லாமே தெரியும், தேவையில்லாததும் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் முட்டி வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு மெனிஸ்கஸ் கிழிசல், தேய்மானம் என்று ரிப்போர்ட் வரும். தலை நரைப்பது மாதிரி. வலிக்கும் இடமும் கிழிசல் இருக்கும் இடமும் ஒன்றுதானா, முட்டி சிக்கிக்கொள்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ரன்னர்ஸ் நீ, ஐ.டி. பேண்ட் இரண்டுக்கும் தொடக்கத்தில் பெரும்பாலும் ஸ்கேனே வேண்டாம்.

15. கட்டுப் போடறவர்கிட்ட போலாமா? இல்ல ஊசி போட்டுக்கலாமா?

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. மூங்கில் தப்பை வைத்து மூன்று வாரம் அசையாமல் கட்டுவதில்தான் பயம். ஒரு பெரியவர் கட்டைப் பிரித்துவிட்டு வந்தார். டேப்பால் அளந்தேன், ஒரு தொடை மறு தொடையைவிட இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. வலி போகவில்லை, படி ஏற பலமும் இல்லை. 4-ஆம் பதிலில் சொன்ன ரெஸ்ட் சிக்கலின் கடுமையான வடிவம் இது.

ஸ்டீராய்டு ஊசியைத் தசைநாணுக்குள்ளேயே போட்டால் அது பலவீனமாகி அறுந்துபோகக்கூடும். எந்த இடத்தில், எதற்காகப் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காலை நீட்டாதீர்கள். முட்டி பெல்ட், முட்டியில் ஒட்டும் டேப் இரண்டும் சில வாரத்துக்கு வலியைக் குறைக்க உதவலாம். போட்டுக்கொண்டு பயிற்சி செய்யத்தான் அவை.

16. எப்போ நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்?

முட்டி நீர் கோத்து வீங்கினால். மடங்கிய முட்டி நீட்ட முடியாமல் சிக்கினால். நடக்கும்போது கால் திடீரென்று விட்டுக்கொடுத்தால். நான்கு அடிகூட ஊன்றி வைக்க முடியாவிட்டால். சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும், சர்க்கரை உள்ளவர்கள் குறிப்பாக. கெண்டைக்கால் மட்டும் ஒரு பக்கமாக வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு போடுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

17. வலி போயிடுச்சு. திரும்ப எப்படி ஆரம்பிக்கறது?

அரை மணி நேரம் வேக நடையும், வாசல்படியில் ஒற்றைக் காலில் பதினைந்து இறக்கமும் வலியில்லாமல் முடிந்தால் ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. அடுத்த நாள் ஓய்வு. மறுநாள் காலை படி இறங்கும்போது முட்டி சொல்வதைக் கேட்டு, நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். முதலில் தூரம் வரட்டும், வேகம் பிறகு. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

18. நாலு மாசமா வலியே இல்லக்கா. இன்னும் எத்தன நாளைக்கு இந்தப் படி எக்சர்சைஸ்?

ஓடுகிறவரைக்கும். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். நேரமில்லை என்று சொன்ன ஒரு அக்காவுக்கு, தெருவில் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் நேரத்தைக் கொடுத்தேன். வாசல்படி ஓரத்தில் நின்று குதிகால் உயர்த்தல் ஒரு காலுக்கு இருபது, படி இறக்கம் ஒரு காலுக்குப் பத்து. லாரி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. இப்போது பக்கத்து வீட்டுப் பெண்களும் அவரோடு சேர்ந்து செய்கிறார்கள்.